வராத அம்மைக்கு வேப்பிலை

எந்த விசேஷத்துக்கு எப்படிப் போக வேண்டும், எந்தப் பந்தியில் யார் முதலில் உட்கார வேண்டும் என்று சிலமலையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் உக்கிரபாண்டியாகிய என்னிடம்தான் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் நான் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட எனக்கே விடை தெரியாத ஒரு கேள்வி போன ஆவணியில் வந்து சேர்ந்தது.

என் சித்தப்பா மகன் முத்துப்பாண்டி அடுத்த தெருவில் இருக்கிறான். எனக்கு இளையவன். கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையில் என் பெயரை அவன் பெயருக்குக் கீழே அச்சடித்த நாளிலிருந்து நான் அவன் வாசலை மிதித்ததில்லை. பல வருஷம் கழித்து அவனே மனைவி கருப்பம்மாளோடு வந்து தாம்பூலத் தட்டை நீட்டினான். மகள் கார்த்திகாவுக்கு வளைகாப்பு. "பெரியப்பா வீட்டு வளையல்தான் மொதல்ல ஏறணும்னு பிள்ளை சொல்லுதுண்ணே" என்றான்.

நான் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். அந்தச் சற்று நேரத்தை நினைத்து இரண்டு நாள் பெருமையாக இருந்தேன். மருமகள் ஜோதி வளையல் போடுவாள், பேத்தி முத்துப்பிரியா வளையல் தட்டை ஏந்தி முன்னால் போவாள், நான் துண்டைச் சரிசெய்தபடி பின்னால் நடப்பேன். தெருவே பார்க்கும்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து ஜோதியின் போனுக்குச் செய்தி வந்தது. முத்துப்பிரியாவின் பெஞ்சில் உட்காரும் ஸ்வீட்டிக்கு அம்மை போட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கவனியுங்கள் என்று டீச்சர் எழுதியிருந்தார். இரண்டும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுகிற பிள்ளைகள்.

ஜோதி போனை வைத்துவிட்டு, "மாமா, வளைகாப்புக்குப் பாப்பாவக் கூட்டிப் போக வேணாம். கார்த்திகா மாசமா இருக்கா" என்றாள்.

"நம்ம வீட்டுக்கு ஆத்தா வரலையே."

"வந்த பெறகு தெரிஞ்சு என்ன செய்ய?"

இதுதான் நான் சொன்ன கேள்வி. ஆத்தா வந்த வீட்டுக்கு முறை இருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும், தாளிக்கக் கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றும்வரை யார் வீட்டு நல்லதுக்கும் போகக் கூடாது. வராத வீட்டுக்கும் முறை இருக்கிறது: தாம்பூலம் வாங்கினால் போயே ஆக வேண்டும். வரலாம் என்று இருக்கிற வீடு என்ன செய்ய வேண்டும்? அதற்கு முன்னோர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. என்னை நம்பி விட்டுவிட்டார்கள்.

மகன் யோகராஜ் மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்தான். போன் செய்தேன். "ஜோதி சொல்ற மாதிரி செய்ங்கப்பா" என்றான், சிக்னல் போய்விட்டது. அவன் முழுக்கருத்தையும் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டதாக நான் வைத்துக்கொண்டேன்.

படித்தவர் வாயால் கேட்டால் மருமகள் அடங்குவாள் என்று பேத்தியையும் அவளையும் போடியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஜோதியிடமே பேசினார். ஒட்டியிருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் தெரியும். கொப்பளம் வெளியே வருவதற்கு முன்னாலேயே அடுத்தவருக்குப் பரவும். மாசமாக இருக்கிறவளுக்கு வந்தால் அவளுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. கடைசியில் ஒன்று சொன்னார்: அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதிலேயே அம்மை போட்டிருந்தால் அவ்வளவு பயமில்லை, அவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கேட்டுப் பார்ப்பதாம். வளைகாப்புத் தேதி குறித்த வீட்டில் போய், உன் மகளுக்கு ஆத்தா வந்ததுண்டா என்று கேட்பது ஆத்தாளை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். அதிலும் நான் கேட்பது.

எனவே மூளையைப் பயன்படுத்தினேன். இரண்டு வீட்டுக்கும் பால் ஊற்றும் சுருளியம்மாளிடம், கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்டு வரச் சொன்னேன். அவள் அங்கே என்ன கேட்டாளோ தெரியாது. மறுநாள் காலையில் என் வீட்டுக் கேட்டில் பெரிய வேப்பங்கொத்து ஒன்று தொங்கியது. எங்கள் வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கிறாள், உக்கிரபாண்டி கௌரவம் பார்த்து மறைக்கிறார் என்று ஊர் முடிவு செய்து, யாரோ புண்ணியத்துக்குக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பிய்த்து எறியவும் முடியாது; அவள் பெயரைச் சொல்லிக் கட்டியதை அவிழ்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? சுருளியம்மாள் தெருவில் நின்றபடி கேட்டுக்கு மேலாகப் பாலை நீட்டினாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அரைநாள் நிம்மதியாகத்தான் இருந்தது. வேப்பிலை தொங்குகிற வீட்டிலிருந்து வரவில்லை என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளையும் வீட்டில், மரியாதையும் வீட்டில். இரண்டாவது காபி கேட்டேன்.

காபியோடு ஜோதி கணக்கையும் கொண்டுவந்தாள். வளைகாப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஊர்க்கணக்குப்படி அதற்குள் தண்ணீர் ஊற்றி வீடு சுத்தமாகிவிடும். சுத்தமான கையோடு பெரியப்பா வீட்டார் வருவார்கள் என்று அங்கே காத்திருப்பார்கள். டாக்டரம்மா கணக்குப்படி பயமே அப்போதுதான் ஆரம்பம்.

"ஏன் வரலைன்னு காரணத்தோட சொல்லணும் மாமா. அந்தப் பிள்ளைக்கு முன்ன வந்ததா இல்லையான்னும் தெரியணும். நீங்க போறீங்களா, நான் போகவா?"

பங்காளி வீட்டில் எனக்கு முன்னால் என் மருமகள் போய்ப் பேசுவதா? துண்டை எடுத்தேன்.

முத்துப்பாண்டி வீட்டு எதிரே, தெருவின் இந்தப் பக்கம், கரண்டுக் கம்பத்தை ஒட்டி வெயிலில் நின்றேன். வழியெல்லாம் ஒரு நல்ல பேச்சைத் தயார் செய்து வந்திருந்தேன். குலப்பெருமையில் தொடங்கி மெல்லச் செய்திக்கு வருகிற பேச்சு. கருப்பம்மாள் வெளியே வந்ததும் அது முழுக்க மறந்துபோய், "கார்த்திகாவுக்குச் சின்னதுல ஆத்தா வந்திருக்காளா?" என்று கத்திவிட்டேன்.

கருப்பம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். முத்துப்பாண்டி சாப்பிட்ட கையோடு வந்தான்.

"இத்தனை வருசமா எட்டிப் பாக்காத மனுசன். வந்ததும் கேக்குற கேள்வியப் பாரு" என்றான்.

சன்னலிலிருந்து கார்த்திகாவே பதில் சொன்னாள். "இல்ல பெரியப்பா. எனக்கு வந்ததே இல்ல."

அதற்குமேல் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. பேத்திக்கு இன்னும் வரவில்லை, வரலாம், அதனால் எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரப்போவதில்லை, வளையலும் வராது, நீயும் எங்கள் தெருப்பக்கம் வராதே தாயி என்று அந்தச் சன்னலைப் பார்த்தே சொன்னேன்.

"வரப் பிரியமில்லைன்னா நேராச் சொல்லுண்ணே. நல்ல காரியத்துல ஆத்தாள எதுக்கு இழுக்குற?" என்றான் முத்துப்பாண்டி. தெருவே கேட்டது. துண்டைக்கூடச் சரிசெய்யாமல் திரும்பி நடந்தேன்.

வளைகாப்பு அன்று ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் அடுப்படிவரை வந்தது. முதல் வளையலைக் கம்பம் ஊர்ச் சம்பந்தி வீட்டார் போட்டார்களாம்.

அந்த வாரங்களில் நான் தினமும் காலையில் பேத்தியை வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து கை, கழுத்து, முதுகு எல்லாம் பார்ப்பேன். ஒருநாள் ஜோதி விளக்குமாற்றோடு நின்று கவனித்துவிட்டு, "என்ன மாமா, வரணும்னு தேடுறீங்களா?" என்றாள்.

ஆமாம். ஒரே ஒரு கொப்பளம் வந்திருந்தால் ஊர் முன்னால் என் சொல் நின்றிருக்கும். சொந்தப் பேத்தியின் உடம்பில் வம்ச கௌரவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். முத்துப்பிரியா இரக்கப்பட்டு முழங்கையைத் திருப்பி ஒரு கொசுக்கடியைக் காட்டினாள். "தாத்தா, இது போதுமா?"

அம்மை வரவேயில்லை. டாக்டரம்மா சொன்ன கெடுவும் தாண்டியது. வேப்பங்கொத்து தானாகவே காய்ந்து உதிர்ந்தது.

அதன்பின் ஒரு சாயங்காலம் முத்துப்பாண்டி எங்கள் வீட்டுக்கு எதிரே வந்து நின்றான். தெருவுக்கு அந்தப் பக்கம்.

"பிள்ளைக்கு வந்துச்சாண்ணே?"

"வரல."

"அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்தான?"

பக்கத்து வீடுகளில் பேச்சு நின்றது. என்னிடம் பதில் இருந்தது. டாக்டரம்மா, இரண்டு மூன்று வாரம், வராமல் போனாலும் வரலாம் என்று சொன்னதில் இருந்த நியாயம், எல்லாம் வரிசையாக இருந்தது. அவனுக்கு அது புரியும், புரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். அவனும் எங்கள் வம்சம்தானே.

"பொய்னே வச்சுக்க" என்றேன். "கார்த்திகா நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா" என்றான். "நேத்துதான் டாக்டர்ட்ட போயிட்டு வந்தோம். பிள்ளை நல்லா உருளுதாம்."

"உள்ள வா."

"நீ எங்க வீட்டு உள்ள வந்தியா?"

இரண்டு பேரும் அவரவர் பக்கத்திலேயே நின்றோம். தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு நடுவில் போயிற்று. அது போகும்வரை காத்திருந்துவிட்டு, கார்த்திகாவின் கால் வீக்கத்தைப் பற்றி அவன் சொல்ல ஆரம்பித்தான். நான் கேட்டில் கையை ஊன்றிக்கொண்டு, சரியாகக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்றேன்.