மூன்றாவது தேனீ

நாத்தனார் தாமு பெரிய தட்டோடு படியேறி வந்தபோது நோன்பு திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எனக்குப் பசி ஒரு பக்கம், தலைவலி ஒரு பக்கம். இருந்தாலும் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்தவள் இன்றுதான் வருகிறாள். "எங்க அக்கா வந்தா நீ ஒரு வார்த்தை குறையாப் பேசக் கூடாது" என்று என் கணவர் மிலூத் காலையிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டார். நானும் மாடு மாதிரி தலையாட்டியிருந்தேன்.

சண்டைக்குக் காரணமே தேன்தான். இரண்டு வருடத்துக்கு முன் சந்தையில் மிலூத்தின் கழுத்தில் ஒரு தேனீ கொட்டியது. முதலில் உள்ளங்கை அரித்தது. அப்புறம் குரல் கம்மியது. அப்புறம் ஆள் சாய்ந்துவிட்டார். இன்னொரு தடவை கொட்டினால் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர மாட்டார் என்று ஃபெஸ் நகரத்து டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த வாரமே தாமு கொண்டுவந்த ஷெபாக்கியா என்ற தேன் பலகாரத்தை, அந்த வாசத்துக்குத் தேனீ வந்துவிடும் என்று பயந்து, வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். "எங்கப்பா ஐம்பது கூடு வச்சிருந்தாரு. தேனீ எங்களுக்குச் சொந்தக்காரங்கடி. நீதான் என் தம்பிய நோயாளி ஆக்குறே" என்று கத்திவிட்டுப் போனவள்தான்.

வெளிநாட்டில், மார்சேயில் இருக்கும் என் தங்கை, தேனீ கொட்டினால் உடனே போட ஓர் ஊசி அனுப்பியிருந்தாள். பேனா மாதிரி இருக்கும், தொடையில் வைத்து அழுத்தினால் போதும். எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்காது. அந்த ஒன்றுதான் அலமாரியில் இருந்தது.

தாமு தட்டை மேஜையில் வைத்துத் துணியை விலக்கினாள். ரோஜாப் பூ மாதிரி மடித்துப் பொரித்து, தேனில் முக்கி, எள் தூவிய ஷெபாக்கியா, ஐம்பதுக்குக் குறையாது. அதன் மேல் மூன்று தேனீக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"என்ன லல்லா இது!" என்றேன். மூத்த பெண்களை எங்கள் ஊரில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்.

"மத்தியானம் பூரா மொட்டை மாடியில திறந்து வச்சிருந்தேன்" என்றாள் பெருமையாக. "சந்தையில சர்க்கரைப் பாகை ஊத்தித் தேன்னு விக்கிறானுங்க. இது சுத்தத் தேன். தேனீயே வந்து சாட்சி சொல்லுது பாரு."

இரண்டைத் தேநீர்க் கிளாஸைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டேன். மூன்றாவது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மடிப்புக்குள் நுழைந்து மறைந்தது. எந்த மடிப்பு? எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. கத்தியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிளக்க ஆரம்பித்தேன்.

"ஏன்டி, விஷம் வச்சிருக்கேனான்னு பாக்கறியா?"

"இல்ல லல்லா, ஒண்ணு உள்ள போயிடுச்சு..."

"பறந்து போயிருக்கும். மூணு நாள் இடுப்பொடியச் செஞ்சிருக்கேன், இப்படிக் குத்திக் கிழிக்கறியே!" கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எட்டுதான் பிளந்திருந்தேன்.

அப்போது பாங்கு ஒலித்தது. பள்ளிவாசல் பக்கத்திலிருந்து வந்த மிலூத், பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே அக்காவின் தலையில் முத்தமிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! தாமு ஒரு ஷெபாக்கியாவை எடுத்து அவர் வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

கொடுத்த வாக்காவது ஒன்றாவது!

"தொடாதீங்க!" என்று கத்தினேன். "அதுக்குள்ள தேனீ இருக்கு!"

மிலூத் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "பாத்துதான் தின்னுறேனே பதூல்" என்றார் கெஞ்சுவது போல. கை நீண்டது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"இந்த வீட்டுல எனக்கு இதுதான் மரியாதை!" தாமு வெடித்தாள். "நானே தின்னு காட்டறேன். பாரு, நல்லாப் பாரு!" முழு ஷெபாக்கியாவையும் வாயில் திணித்துக் கடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் போயிற்று. மூன்றாவதைக் கடித்தவள் "ஆ!" என்று அலறி உள்ளங்கையில் துப்பினாள். தேனில் ஊறிய தேனீ அங்கே கிடந்தது.

எனக்கு உயிரே திரும்பி வந்தது. மிலூத் சிரித்துவிட்டார். வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். உதட்டைப் பிடித்துக்கொண்டு தாமுவும் சிரித்தாள். "சொந்தக்காரன்னு சொன்னேன்ல, முத்தம் குடுத்துட்டான்."

ஹரீரா சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தேன். தாமு உள்ளங்கையை மேஜை விளிம்பில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"என்னமோ அரிக்குதுடி" என்றாள். குரல் கம்மியிருந்தது.

கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. மிலூத் தெருவுக்கு ஓடினார். நோன்பு திறக்கும் நேரத்தில் டாக்சிக்கு எங்கே போவது? ஓட்டுகிறவர்கள் எல்லாம் வீட்டில் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருப்பார்கள். அவர் கதவு கதவாகத் தட்டுவது எனக்குக் கேட்டது. தாமுவின் கழுத்து சிவந்து தடித்துக்கொண்டிருந்தது.

அலமாரியைத் திறந்து ஊசியை எடுத்தேன். எடுத்துவிட்டு நின்றேன். இதைக் குத்திவிட்டால் மிலூத்துக்கு இல்லை. தட்டில் இன்னும் நாற்பது கிடக்கிறது. மூன்று தேனீதான் என்று யார் கண்டது? கிளாஸுக்குள் அந்த இரண்டும் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு மூச்சு நேரம்தான் அப்படி நின்றிருப்பேன். திரும்பினால் வாசலில் மிலூத். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

தாமுவின் தொடையில் ஊசியை வைத்து அழுத்திப் பத்து எண்ணினேன்.

பக்கத்து வீட்டு ஹம்மாது வாயைத் துடைத்துக்கொண்டே வேனைக் கிளப்பினார். பின்னால் தாமு என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். ஊரைத் தாண்டும்போது மூச்சு கொஞ்சம் சீரானது. என் கையை அவள் விடவே இல்லை. தேன் பிசுக்கில் இரண்டு கையும் ஒட்டிக் கிடந்தன.

"உன்னை என்னென்னமோ பேசிட்டேன்டி" என்றாள் கரகரத்த குரலில். "இருந்த ஒரே ஊசியாமே. கொஞ்சம்கூட யோசிக்காம எனக்குக் குத்திட்டியே."

முன் சீட்டில் மிலூத் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.