‘ம்’ கொட்டாத மனிதர்

அச்சுக்காரருக்கு இடுப்பு வலி வந்ததிலிருந்து தெருவில் எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். ஒருவர் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் படுக்கச் சொன்னார். இன்னொருவர், தரையில் படுப்பதால்தான் வலி, நல்ல மெத்தையாக வாங்குங்கள் என்றார். டாக்டர் மட்டும் படம் எடுத்துப் பார்த்து, எலும்பெல்லாம் வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிக் கையை விரித்தார். நன்றாக இருக்கிற இடுப்பு, காலையில் மனுஷனைக் கட்டிலைவிட்டு எழுந்திருக்க விடாமல் ஏன் ஐயா அழும்பு பண்ணுகிறது? 

அச்சுக்காரரின் மனைவி பழக்கடை வைத்திருக்கிறாள். முனையில் நின்று அவள் விலை சொன்னால் அடுத்த தெருவில் பேரம் ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் அவளுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் படுக்கையில் மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் குடித்தனம், ஒரு காரணம். இன்னொரு காரணம், நாள் முழுக்க ஊருக்காகக் கத்திய தொண்டை அங்கேதான் தனக்காகப் பேசும். யார் கடன் சொன்னார்கள், யார் மாம்பழத்தை அமுக்கிப் பார்த்தே கூழாக்கினார்கள், எந்தக் கிழவருக்கு மருமகளோடு சண்டை என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். அவர் ‘ம்’ கொட்டுவார். அவ்வளவுதான். அந்த ‘ம்’மைத் தலைக்கு வைத்துக்கொண்டு அவள் தூங்கிப்போவாள்.

இடுப்பு வலி வந்த கொஞ்ச நாளில் அந்த ‘ம்’ நின்றது. இடது பக்கம் படுத்தால் வலிக்கிறது என்று அவர் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். அவள் கட்டிலின் இடது ஓரத்தில் படுப்பவள் என்பதால் அவளுக்கு முதுகுதான் மிஞ்சியது. முதுகிடம் எத்தனை நாள் கதை சொல்வது? ஒருநாள் வேண்டுமென்றே, கடை தீப்பிடித்து எரிந்துபோச்சு என்று சொல்லிப் பார்த்தாள். முதுகு அசையவில்லை. இன்னொரு நாள் கேட்கக் கூடாததைக் கேட்டாள். அதற்கும் பதில் இல்லை. அதற்கப்புறம் அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வலி அவருக்கு இடுப்பில் என்றால் இவளுக்கு நெஞ்சில். மனுஷனுக்குத் தன்மேல் பிரியம் விட்டுப்போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

ஆனாலும் வைத்தியத்துக்குக் கூட்டிப்போனது அவள்தான். பிசியோதெரபி பார்க்கிற பெண் அவரைக் குப்புறப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். ஒரு பக்கத் தசை மட்டும் கல்லாக இறுகிக் கிடந்தது.

“ஏதோ ஒண்ணு இவரை நாள் பூரா ஒரே பக்கமா முறுக்குதும்மா,” என்றாள் அந்தப் பெண். “அவர்கிட்ட கேட்டா தெரியாது. வேலை செய்யற இடத்துல நீங்களே போய் நின்னு பாருங்க.”

மறுநாள் மதியம் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அவள் அச்சகத்துக்குப் போனாள். உள்ளே மை வாடை. ‘தடக் தடக்’ என்று காது கிழிகிற சத்தம். அவருக்கு எதிரே காகித மேஜை, இடது கைப்பக்கம் மெஷின். அவள் இடது பக்கமாகப் போய் நின்று, “ஏங்க,” என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. கடைக் குரலில் கூப்பிட்டாள். ஊஹூம். அந்த நேரம் பார்த்து வலது பக்கம் புத்தகம் தைத்துக்கொண்டிருந்த பைண்டர் சாதாரணமாக ஏதோ கேட்க, அச்சுக்காரர் அவருக்குச் சிரித்துப் பதில் சொன்னார் பாருங்கள், இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

அங்கே நின்றபோதுதான் கண்ணில் பட்டது. அவருடைய கால்கள் மேஜையைப் பார்த்து நின்றன. இடுப்புக்கு மேலே மட்டும் துணி பிழிகிற மாதிரி இடது பக்கம் முறுக்கி, குனிந்து, வலது காதை மெஷினுக்குக் கொடுத்திருந்தார். கை காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

எதற்கு இப்படி நிற்கிறார் என்று பைண்டரிடம் கேட்டாள். மெஷின் கோளாறை அவர் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் பிடிப்பார், அது அவருக்கு ஒரு பெருமை என்று பைண்டர் சொன்னார். முன்பெல்லாம் நேராக நின்றே பிடிப்பாராம்.

“இப்ப என்னடான்னா, எண்ணெய் மாத்தினதிலேர்ந்து மெஷின் பூனை மாதிரி ஓடுது, குனிஞ்சாத்தான் கேக்குதுங்கறார். எங்களுக்கெல்லாம் காது கிழியுது!”

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மெதுவாகத் திரும்பவும் இடது பக்கம் போய், அவர் காதோரமாகக் கூப்பிட்டாள். அசையவில்லை. வலது பக்கம் வந்து, படுக்கையில் பேசுகிற அதே குரலில், “ஏங்க,” என்றாள்.

சட்டென்று நிமிர்ந்தார். “நீ எப்ப வந்தே?” என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. பிரியம் விட்டுப்போன மனிதரின் முகமா அது? சண்டைக்கு வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்களுக்கு இடது காது கேட்கவில்லை என்று அவள் சொன்னதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கா, என் காதா என்று குதித்தார். அவள் ஒன்றும் வாதாடவில்லை. அவருடைய வலது காதைத் தன் உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள். மெஷின் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய மனுஷர் குழந்தை மாதிரி பயந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

காது டாக்டர், இது மெதுவாக வந்தது, அதனால்தான் அவருக்கே தெரியவில்லை, போனது முழுசாகத் திரும்பாது, இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அச்சகத்தில் இரண்டு காதுக்கும் சத்தம் தடுக்கிற உறை மாட்டச் சொன்னார். சத்தம் கேட்கிற வேலை பைண்டருக்குப் போனது. அதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் இடுப்பு நேராக நின்றது. கல்லாக இருந்த தசை வாரா வாரம் இளகியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு சுற்றிவந்து வலது ஓரத்தில் படுத்தாள்.

“நான்கூட நீ சாந்தமாயிட்டேன்னு நெனச்சேன்,” என்றார் அவர். “வயசானா பொம்பளைங்க அடங்கிடுவாங்க போலன்னு.”

“நெனைப்பீங்க, நெனைப்பீங்க.”

“அத்தனை நாளும் என்னதான் சொன்னே?”

அவள் ஆரம்பித்தாள். மாம்பழம் அமுக்கியவர்கள், கிழவரின் மருமகள், எரியாத கடை எரிந்த கதை. எல்லாம் ஆறிப்போன சமாசாரம். அவர் ஒன்று விடாமல் ‘ம்’ கொட்டினார். கடைசியில் அவள் நிறுத்திவிட்டாள். அப்புறம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“ஒருநாள், உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சான்னு கேட்டேன். நீங்க பேசாம படுத்திருந்தீங்க.”

 அவர், முறுக்காதே என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி, உடம்பு மொத்தத்தையும் நிதானமாகப் புரட்டி அவள் பக்கம் திரும்பினார்.

“நல்லவேளை, கேக்கலை. பழக்கதோஷத்துல ‘ம்’னு சொல்லித் தொலைச்சிருப்பேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

“இப்பக் கேளு,” என்றார்.

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். இனிமேல் கேட்கத் தேவை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ. வேறொரு கதையை எடுத்தாள். பக்கத்துக் கடைக்காரி தராசை எப்படிப் பிடிக்கிறாள் என்பதில் ஆரம்பித்தது அது. அவர் வலது காது அவள் பக்கம் இருக்கும்படி மறுபடி மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ம்,” என்றார்.