எஞ்சியிருப்பவர்க்கு எழுதிய நிலம்

மாசித் திங்களில் ஓர் உச்சிப்பொழுது. அரியலூரிலிருந்து செந்துறைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் வெடித்துக் கிடக்க, வெடிப்புகளின் ஓரத்தே பருத்திச் செடிகள் இலையுதிர்த்து, காய் பிளந்து, வெண்பஞ்சை வெயிலுக்கு நீட்டியபடி அசைவற்று நின்றன. சுண்ணக்கல் ஏற்றிச் செல்லும் சரக்குந்துகள் எழுப்பிய புழுதி வேலிக் கருவையின் மீதும், மேயாது நின்ற ஆடுகளின் முதுகின் மீதும் படிந்து, இளையதும் முதியதும் ஒரே அகவையினவெனத் தோன்றுமாறு யாவற்றையும் நரைக்கச் செய்திருந்தது. கற்றறிந்தீர், அந்நிலம் முன்னொரு காலத்தில் கடலின் அடித்தளமாய் இருந்தது. இன்றும் ஏர்முனை சங்கு வடிவினதான கல்லொன்றைப் புரட்டிப் போடுவதுண்டு. உழுபவன் அதனை எடுத்துப் பார்த்துவிட்டு, வரப்பில் வைத்து மேலே உழுவான். மாண்டவற்றின் மீது வாழ்பவை நடப்பதை அங்கு எவரும் வியப்பதில்லை.

அந்நடுப்பகலில், பெரம்பலூரில் நீரேற்றுப் பொறிகளுக்குச் செம்புக்கம்பி சுற்றிப் பிழைக்கும் பூவரசன், பழமும் இனிப்புப் பொட்டலமும் வண்டியில் தொங்க, தன் சின்னம்மா ஜெகதாம்பாளைக் காண வந்துகொண்டிருந்தான். ஒன்பது ஆண்டுகளாகத் திங்கள்தோறும் அவன் வருவதைக் கண்ட ஊரார், பெற்ற பிள்ளைகூட இவ்வாறு வந்து பார்க்குமோ என்று மெச்சினர். அவன் வந்ததன் காரணமோ வேறு.

அவனுடைய சித்தப்பா செல்லமுத்து பிள்ளையின்றி மறையுமுன், கிணறும் சிறுவீடும் அடங்கிய நான்கு ஏக்கர் நிலத்தைப் பற்றித் தம் இறுதி விருப்பமுறியில் இவ்வாறு எழுதியிருந்தார்: மனைவி ஜெகதாம்பாள் தன் வாழ்நாள் முழுதும் நிலத்தைத் துய்க்கலாம், விற்கலாகாது, அவள் மறையும் நாளில் பூவரசன் உயிரோடிருந்தால் நிலம் முழு உரிமையாய் அவனைச் சேரும், அவளுக்கு முன்னே அவன் மறைந்தால், அன்றே அது முழு உரிமையாய் அவளுடையதாகும், அவன் மக்களுக்கு அதில் பங்கில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர் என்னும் நம்பிக்கையிலேயே அவர் அப்படி எழுதினார். இரண்டாந்தாரமாய் வந்த ஜெகதாம்பாளுக்கு அகவை ஐம்பத்துநான்கு, பூவரசனுக்கோ ஐம்பத்தொன்று. முந்துவது யார் என்று எவரும் சொல்லவியலாது. அப்பெரியவரின் நம்பிக்கை பொய்க்கவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

“உடம்பு நல்லா இருக்குங்களா, சின்னம்மா?” என்பான் அவன்.

“எனக்கென்ன தம்பி, கல்லாட்டம் இருக்கேன். நீதான் போன தடவைக்கு இளைச்சுப்போயிட்ட. சக்கரை பாத்தியா?” என்பாள் அவள்.

முதல் ஆறு ஆண்டுகள் அவள் கேட்பதைப் பரிவென்றே எண்ணியிருந்தான். பின்னொரு நாள், தான் இருமியபோது அவள் கை பருத்தியினின்று விலகி நின்றதையும், இருமல் நின்றபின் மீண்டும் பறிக்கத் தொடங்கியதையும் கண்டான். தான் அவளைப் பார்ப்பது போலவே அவளும் தன்னைப் பார்க்கிறாள் என்பது அன்று விளங்கிற்று. அன்றுமுதல் அவ்வீட்டில் அவன் தண்ணீரும் குடித்ததில்லை.

இன்று வண்டியை நிறுத்திப் பருத்திக் கொல்லைக்குள் இறங்கியபோது, இருபதடித் தொலைவில் ஜெகதாம்பாள் செடிகளுக்கிடையே கால் நீட்டி அமர்ந்திருக்கக் கண்டான். கணுக்காலில் இரு துளைகளினின்று குருதி கசிந்துகொண்டிருந்தது.

“விரியன் தம்பி… கண்ணாடி விரியன்…” என்றாள்.

பூவரசன் நின்றான். ஓடவேண்டுமென்று அவன் அறிவான். ஆயினும் முதுகுப்புறமிருந்து எவரோ தோளைப் பற்றி நிறுத்தியது போல நின்றான். கொல்ல வேண்டுமென்ற எண்ணம் அவன் நெஞ்சில் எழவில்லை. எழுந்திருந்தால் அஞ்சி ஓடியிருப்பான். எழுந்ததெல்லாம் ஓர் அமைதி. சாலையில் சரக்குந்துகளின் இரைச்சல் அற்றது. காற்று நின்றது. கிணற்றை எத்தனை அடி ஆழப்படுத்தலாம், வீட்டின் ஓடுகளை எப்போது மாற்றலாம் என்று உள்ளம் தானே ஒன்றன்பின் ஒன்றாய் எண்ணிச்செல்வதை, பிறன் பேச்சைக் கேட்பவன் போலக் கேட்டுக்கொண்டு நின்றான். அவள் மறுமுறை அழைக்கவில்லை. அவனையே நோக்கியிருந்த அவள் கண்களில் வியப்பு இல்லை, சினமும் இல்லை. இது நிகழும் என்று நெடுங்காலம் அறிந்திருந்தவளின் அமைதியே இருந்தது. அவ்வமைதியும் தன்னுடைய அமைதியும் ஒன்றே எனக் கண்டபோதுதான் அவன் கால்கள் விடுபட்டன. ஓடிச் சென்று அவளைத் தூக்கித் தோளில் இட்டுக்கொண்டு சாலைக்கு விரைந்து, வந்த முதல் வண்டியை மறித்தான்.

அரியலூர் அரசு மருத்துவமனையில் நச்சுமுறி மருந்து ஏற்றினர். பிழைப்பாளா என்பது மறுநாள்தான் தெரியும் என்றார் மருத்துவர். காப்பீட்டு அட்டை வேண்டுமென்று கேட்கவே, அதனை எடுத்துவர அவன் அவள் வீட்டுக்குத் திரும்பினான். பிற்பகல் வெயில் சாளரத்தின் வழியே பரணில் விழுந்தது. அங்கே, ஒன்பது ஆண்டுகளாக அவன் கொண்டுவந்து கொடுத்த பொட்டலங்கள் யாவும், கட்டிய நூல் அவிழாமல், வரிசை வரிசையாய் இருந்தன. அருகே பழங்கள் கருகிச் சுருங்கி விரல்களைப் போலக் கிடந்தன. தொட்டுப்பார்க்க, இனிப்புகள் பொட்டலத்துக்குள்ளேயே கல்லாய் இறுகியிருந்தன. ஒன்றையேனும் அவள் உண்ணவில்லை. வீசி எறியவும் துணியவில்லை. பூவரசன் அட்டையை எடுத்துக்கொண்டு, ஏனென்று அறியாமல், ஒலி எழாதவாறு கதவைச் சாத்தி வெளியே வந்தான்.

நான்காம் நாள் காலை அவள் தெளிந்து பேசினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் வெளியே சென்றிருந்தார்.

“எவ்வளவு நேரம் நின்ன, தம்பி?”

அவன் போர்வையை இழுத்து அவள் கால்மீது போர்த்தினான்.

“சொல்ல வேணாம். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.” கூரையை நோக்கியவாறே தொடர்ந்தாள்: “போன சித்திரையில நீ மோட்டார் மாட்ட வந்து, அசந்துபோயி கிணத்து மேட்டுல படுத்துத் தூங்குனியே. பாதி உடம்பு உள்பக்கமா சாஞ்சு கெடந்துச்சு. நீ குடிக்க மாட்டேன்னு தெரிஞ்சும் நான் மோர் கொண்டாந்தவ, சொம்போட அப்படியே நின்னேன். எழுப்பவும் இல்ல, தள்ளவும் இல்ல. மோர் புளிச்சுப்போற வரைக்கும் நின்னேன். நீயா முழிச்சுக்கிட்ட.”

அவனுக்கு அந்நாள் நினைவிருந்தது. விழித்தபோது அவள் சற்றுத் தொலைவில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்ததாகவே நினைவிருந்தது.

“இப்படியே இருந்தா நம்ம ரெண்டு பேருல ஒருத்தர் ஒருநாள் நிக்கறதோட விட மாட்டோம், தம்பி. எழுதி முடிச்சிடலாம்.”

அரியலூர் நீதிமன்றத்து வழக்கறிஞர் கண்ணகி விருப்பமுறியை இருமுறை படித்துவிட்டு, “வாழ்ற வரைக்கும் உள்ள உரிமை அவங்ககிட்ட இருக்கு. பின்னால வரப்போறது உங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான். வேற யாருக்கும் இதுல எதுவும் இல்ல. அதனால ரெண்டு பேரும் மனசு ஒத்துக் கையெழுத்துப் போட்டா இப்பவே பிரிச்சுக்கலாம். இவ்வளவு நாளா ஏன் வராம இருந்தீங்க?” என்று வினவினார். ஜெகதாம்பாள் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள்.

பங்குனி பிறந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில், ஆளுக்கு இரண்டு ஏக்கர் முழு உரிமையாகவும், கிணறு பொதுவாகவும் எழுதப்பட்டது. அவள் இறப்பால் அவனுக்கு இனி ஆதாயமில்லை. அவன் இறப்பால் அவளுக்கும் இல்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தின் நிழலில் நின்றனர். எதிரே இளநீர்க்கடை இருந்தும் ஒருவரையொருவர் குடிக்க அழைக்கவில்லை. செந்துறைப் பேருந்து வந்தது.

“போயிட்டு வரேன்,” என்றாள் ஜெகதாம்பாள்.

“சரிங்க, சின்னம்மா.”

அதன்பின் அவன் திங்கள்தோறும் செல்வதை விட்டான். பங்கு கைக்கு வந்ததும் உறவை மறந்தான் என்று ஊர் பழித்தது. அவன் மனைவி பாக்யலட்சுமியும் ஒருமுறை கடிந்தாள். அவனோ தன் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டான். மண் பிரிந்தது, வரப்பு எழுந்தது, ஒருவர் மூச்சை மற்றொருவர் எண்ணும் கொடுமையும் ஒழிந்தது. ஆயினும், கற்றறிந்தீர், பருத்திச் செடிகளுக்கிடையே அவன் நின்ற அச்சிறு பொழுதும், கிணற்று மேட்டில் அவள் நின்ற அந்நெடும் பொழுதும் எவர் பங்கிலும் எழுதப்படவில்லை. விற்கவும் இயலாமல், விடவும் இயலாமல், அவ்விருவருக்கும் பொதுவாய், பிரிவினையின்றி, அவை அங்கேயே கிடக்கின்றன.