மாலை வகுப்பில் என் மனைவி

பன்னிரண்டாம் அறைக் கதவு தரையில் உரசுகிறது என்று புகார்ச் சீட்டு வந்தபோது மணி ஐந்தே கால். என் வேலை ஐந்தரையோடு முடிகிறது. வேறு அறையாக இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சீட்டை ஆணியில் குத்திவிட்டுப் போயிருப்பேன். பன்னிரண்டில்தான் மாலை வகுப்பு. என் மனைவி அங்கேதான் படிக்கிறாள். திருப்புளியையும் உளியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வருடமாக நான் பராமரிப்புத் தச்சன். எந்தக் கதவு மழைக்கு உப்பும், எந்தப் பேராசிரியர் கோபம் வந்தால் இழுப்பறையை உதைப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, நாற்பத்து நான்கு வயதில், பாதியில் விட்ட படிப்பை முடிக்கப்போகிறேன் என்றாள். "தாராளமா சேரு" என்று சொன்னவன் நான்தான். அன்றைக்கு மனசார சந்தோஷமாகவும் இருந்தது. வயிற்றெரிச்சல் பிறகுதான் ஆரம்பித்தது.

முதல் வாரம் வீட்டுக்கு வந்ததும், "முன்வாசல் மாடிப்படி எவ்வளவு அழகா இருக்கு, கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கைப்பிடியை மூன்று தடவை பழுது பார்த்தவன் நான். பிறகு வாயைத் திறந்தால் வகுப்புப் பேச்சுதான். வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர் கூடப் படிக்கிறாராம், அவர் பேசினால் வயிறு வலிக்கச் சிரிக்கலாமாம். நான் 'ம்' கொட்டுவேன். அந்த வங்கிக்காரர் மேல் எனக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அது பாதிதான் சரி. மீதிப் பாதி அவள் மேலேயே. நான் பின்பக்கமாக நுழைந்து பின்பக்கமாக வெளியேறும் இடத்தில், ஐந்தே மாதத்தில் அவள் வீட்டுக்காரி மாதிரி நடமாடினாள்.

நான் போனபோது வகுப்பு தொடங்கியிருந்தது. ஆசிரியை என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். "வாங்க, கொஞ்சம் சத்தம் வராம பாத்துக்குங்க" என்றாள். மேல் கீலின் திருகு ஆடிக்கொண்டிருந்தது. கதவு தொங்கிப்போய் உரசியது. முக்காலியில் ஏறி, திருகைக் கழற்றி, ஓட்டையில் மரச் சிம்பு அடைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். அறையின் முன்னால் நின்று அவள் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. அவள் வாசிக்க வாசிக்க, இரண்டு பேர் தங்கள் நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நடுவே வழுக்கைத்தலைக்காரர் ஒருவர், அந்த வங்கிக்காரராகத்தான் இருக்கும், ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். வீட்டில் கையால் வாயை மூடித்தான் சிரிப்பாள். இங்கே பல்லெல்லாம் தெரிந்தது.

அந்தச் சிரிப்போடுதான் என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், இவர்தான் என் வீட்டுக்காரர்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. வங்கிக்காரர் மரியாதையாகப் பாதி எழுந்தார். "அட, அப்படியா!" என்றாள் ஆசிரியை என்னைப் பார்த்து. உதட்டில் கவ்வியிருந்த திருகை எடுத்தேன்.

"இல்லீங்க. ஆள் மாறிச் சொல்றாங்க போல."

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து யாரோ ஒருவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் காகிதத்தைக் குனிந்து பார்த்தாள். விட்ட வரியை விரலால் தேடினாள், சட்டென்று கிடைக்கவில்லை. நான் திருகை முடுக்கிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். துளிச் சத்தம் இல்லை.

வழக்கமாக அவள் வகுப்பு முடியும்வரை பட்டறையில் காத்திருந்து வண்டியில் கூட்டிப்போவேன். அன்றும் காத்திருந்தேன். அவள் பஸ் பிடித்துப் போய்விட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். நான் தண்ணீர் மோந்து குடித்தேன்.

"கிளாஸ் முடிஞ்சதும் மேடம் தனியா கூப்பிட்டாங்க," என்றாள், தலை நிமிராமல். "அவர் நெஜமாவே உங்க வீட்டுக்காரரான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆள் மாறிப் பாத்துட்டேன்னு சொன்னேன். கட்டினவளையே தெரியாதுன்னு சொன்ன மனுஷன்னு உங்களுக்குப் பேரு வேணாமேன்னுதான்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. "நீ எழுதினது நல்லா இருந்துச்சு."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எதப் பத்தி எழுதியிருந்தேன், சொல்லுங்க."

குறிப்பெடுத்த இரண்டு பேனாக்களும், வங்கிக்காரரின் வழுக்கையும், அவள் பல்லும் கண்ணுக்குள் வந்தன. அவள் வாசித்ததில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழுந்திருக்கவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தைப் புரட்டினாள். மேசைக்கு அடியில் காலை நீட்டி, எதிர் நாற்காலியை மெல்ல வெளியே தள்ளினாள். நான் உட்காரவா, அவள் காலை நீட்டிக்கொள்ளவா என்று தெரியவில்லை. காலி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.