இடது காதில் புல்லாங்குழல்

கேட்கிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால் இது முடிந்துவிடும். கேட்கவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்குப் பதில் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது, வாழைக்காய் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டு.

"கேக்குதுங்களா அத்தைங்க? ரெண்டு பக்கமும்?" என்று மறுபடி கேட்டான் லோகநாதன்.

மல்லிகா தலையாட்டினாள். இத்தனை வருடங்களில் அவள் நன்றாகப் பழகிக்கொண்ட வேலை அது. காப்பித்தூள் கடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் இடப் பக்கம் நின்று எதையாவது கேட்டால், முதலில் தலையாட்டுவாள். பிறகு மெல்லத் திரும்பி வலது காதைக் கொடுப்பாள். பவுடர் அரைக்கிற மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள்.

"பொய் சொல்றீங்க," என்று சிரித்தான் மருமகன். "இப்ப இடது பக்கம் மட்டுந்தான் ஓடுது. வலது பக்கத்த நான் நிறுத்தி வெச்சிருக்கேன். ஏதாச்சும் கேட்டாச் சொல்லுங்க, கேக்காட்டிக் கேக்கலைன்னு சொல்லுங்க. கடையில வர்ற கஸ்டமருக்கெல்லாம் இப்படித்தான் செஞ்சு காட்டுவேன்."

சேலத்தில் செல்போன் ஷோரூம் ஒன்றில் வேலை செய்பவன். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கூடக் கழற்றாமல் மலையேறி வந்திருந்தான். கையில் ஒரு சீப்பு பழம், அரைக் கிலோ இனிப்பு, நாலு முழம் பூ. கூடவே உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை இயர்பட்ஸ் டப்பா.

அந்த டப்பா மல்லிகாவுக்காக வாங்கியது அல்ல.

போன வாரம் மகள் பவித்ரா ஒரே ஒரு பையோடு தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கன்னத்தில் இருந்த தடத்தைத் துப்பட்டாவால் மறைத்திருந்தாள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் புருஷன் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. நாலு தடவை கூப்பிட்டதாக அவன் சொல்கிறான். ஐந்தாவது தடவை கூப்பிடவில்லை, அறைந்தான். காதிலிருந்தது தெறித்து பீரோவுக்கு அடியில் போய் விழுந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை. நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

இன்று அவன் அதற்குப் பதிலாகப் புதியது வாங்கி வந்திருந்தான். "அத விட நொம்ப நல்லது பவி. வெளிச் சத்தம் உள்ள வரவே வராது." அவள் டப்பாவைத் தொடவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். டப்பா மேசைமேல் எல்லோருக்கும் நடுவில் கிடந்தது. அதைப் பார்க்காமல் யாராலும் எதுவும் பேச முடியவில்லை. கடைசியில் எதிர் நாற்காலியிலிருந்து அவள் புருஷன் வேலுசாமிதான், "உங்க அத்தைக்குப் போட்டுக் காட்டுங்க மாப்ள. நாள் பூரா செல்லுல பாட்டுக் கேக்கறவ," என்று ஆரம்பித்து வைத்தார்.

"பீஸே கோளாறோ என்னமோ," என்று லோகநாதன் நெற்றியைச் சுருக்கினான். வாங்கிவந்த சமாதானம் பழுதாக இருந்துவிடுமோ என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. இடது காதிலிருந்ததைக் கழற்றி, துடைத்து, தன் காதில் வைத்துப் பார்த்தான். "நல்லாத்தானுங்களே பாடுது!"

மறுபடி மல்லிகாவின் காதில் வைத்தான். மெதுவாக, வலிக்காமல், ரப்பர் நுனியைத் திருகி உட்கார வைத்தான். இந்தக் கையா என்று நினைத்தாள். எவ்வளவு பதமான கை. வேலுசாமியின் கையும் அப்படித்தான். மறுநாள் காலையில் அவர்தான் வெந்நீர் ஒற்றடம் கொடுத்தார்.

"செல்லுல செட்டிங்ஸ் சரியில்லீங்க. எல்லாரும் காசு குடுத்து வாங்குவாங்க, செட்டிங்ஸ மட்டும் தொடவே மாட்டாங்க." அவளுடைய செல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். புளூடூத்தைத் துண்டித்து மறுபடி சேர்த்தான். ஈக்வலைசரைத் திறந்து சின்னச் சின்னக் கோடுகளை மேலும் கீழும் நகர்த்தினான். "இது பேஸ், இது பாடறவங்க கொரலு. பேஸைக் கொஞ்சம் எறக்கினா கொரலு தெளிவா வரும்." பிறகு எங்கேயோ உள்ளே போய் ஒரே எண்ணை ஏழெட்டுத் தடவை தட்டினான். ஒளிந்திருந்த பக்கம் ஒன்று திறந்தது. "செல்லுல இருந்து காதுக்குப் பாட்டு போற வழிங்க இது. மட்டமான வழியில உட்டுருக்காங்க. நான் நல்ல வழிக்கு மாத்தி உடறேன்."

"உனக்குப் பாரு, இந்த மாப்ள கெடைச்சதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்," என்று வேலுசாமி சமையலறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். உள்ளே சட்டுவம் வாணலியில் இடித்தது.

இப்போது வலது பக்கம் பாட்டு ஓடியது. மல்லிகாவுக்கு மனப்பாடமான பழைய பாட்டு. தெளிவாகத்தான் இருந்தது. பாடுகிறவள் மூச்சிழுப்பது கூடக் கேட்டது. இடப் பக்கம் எப்போதும் போல இருந்தது. அங்கே இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. இருட்டு என்றால் ஏதோ இருந்து அணைந்தது போல. அங்கே ஒன்றும் இல்லை. பஸ்ஸில் மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோருக்கும் காது அடைக்கும். கொட்டாவி விடுவார்கள், எச்சில் விழுங்குவார்கள், பிள்ளைகள் அழும். அவளுக்கு வலது காது மட்டும் அடைத்துத் திறக்கும். இடது காது அடிவாரத்திலும் மலையிலும் ஒரே மாதிரி இருக்கும்.

"கடைசியா ஒண்ணு பாத்தர்றேங்க." அவன் ஒரு கோட்டைக் காட்டினான். நடுவில் ஒரு புள்ளி. ஒரு முனையில் இடது, மறு முனையில் வலது. "இந்தப் புள்ளிய இடது பக்கம் முழுசாத் தள்ளுறேன். அப்பக் கேட்டே ஆகோணும்."

தள்ளினான்.

பாட்டு நின்றது. பாட்டு மட்டுமல்ல. வலது காதை ரப்பர் அடைத்திருந்தது, வெளிச் சத்தத்தைத் தடுப்பதையும் அவன் தட்டிவிட்டிருக்க வேண்டும். கடைவீதியின் ஜீப் சத்தம், எண்ணெய்ச் சத்தம், சுவர்க் கடிகாரம் எல்லாம் ஒரே நொடியில் விலகிப் போயின. எதிரே வேலுசாமியின் வாய் அசைந்தது. லோகநாதனின் வாய் அசைந்தது. இருவரும் சிரித்தார்கள். இரண்டு வாய்களும் ஒரே மாதிரி இருந்தன. என்ன சொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டியதாகவே இல்லை. இந்த ஒரு வாரமாக வேலுசாமியின் வாய் சொல்லிக்கொண்டிருப்பதுதானே. ஒரு அடி, கை தவறி உளுந்திருச்சு, அதுக்குப் போயி ஊட்ட உட்டு வருவாளா ஒருத்தி, உங்கம்மாளக் கேளு.

உங்கம்மாளைக் கேளு என்று அவர் சொன்னபோது பவித்ரா நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா போகச் சொன்னாப் போறேன்," என்றாள். அன்றிலிருந்து எல்லாம் மல்லிகாவின் ஒரு சொல்லில் நின்றது. அவள் சொல்லவில்லை. யோசிக்கலாம் கண்ணு என்று தள்ளிப்போட்டாள்.

மகள்மேல் இரக்கம் இல்லாததால் அல்ல. போகாதே என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் வேறொரு கேள்வி முன்னால் வந்து நின்றது. அப்படியானால் நீ ஏன் இருந்தாய்? பொறுத்துக்கொண்டது குடும்பத்துக்காக, பிள்ளைக்காக என்று இதுவரை தனக்கே சொல்லிவந்ததெல்லாம் வெறும் பயம் என்று ஆகிவிடும். போ என்று சொன்னால் அந்தப் பேச்சு எழாது. மகளை அனுப்பித் தன் காலத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இப்படி ஒரு கணக்கைத் தன் மனம் போடுகிறது என்பதே அவளுக்கு இந்த நிசப்தத்தில்தான் தெரிந்தது.

லோகநாதன் செல்லில் வேறு எதையோ தட்டினான். சட்டென்று வலது காதில் பாட்டு திரும்ப வந்தது. ஆனால் அது பழைய பாட்டாக இல்லை. குரலுக்குப் பின்னால் ஒரு புல்லாங்குழல் வந்துகொண்டிருந்தது. பாடுகிறவள் நிறுத்தும் இடங்களிலெல்லாம் அது பதில் சொன்னது. எத்தனையோ முறை கேட்ட பாட்டு. அந்த இடங்களில் வெறும் தாளம்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"இது எங்கிருந்து வருது?" என்றாள், தன்னை அறியாமல்.

"புல்லாங்கொழலுங்களா? அது இடது பக்கம் வர்றதுங்க. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து வலது காதுக்கே உட்டுட்டேன். மோனோன்னு பேரு. இனி உங்களுக்கு எதுவும் உட்டுப் போவாது." அவன் முகம் மலர்ந்திருந்தது. "இடது காது இல்லாமயே ஓட்டிக்கலாங்க. செட்டிங்ஸ்லயே சரி பண்ணிறலாம், ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க."

புல்லாங்குழல் அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இவன் கையால் வந்ததால் அசிங்கமாக இருந்திருக்கலாம். இல்லை. கண்ணில் நீர் வருமளவு நன்றாக இருந்தது. இத்தனை பாட்டுகளில் இத்தனை வருடம் என்னவெல்லாம் விட்டுப்போனதோ.

அவள் இரண்டையும் காதிலிருந்து கழற்றினாள். அறையின் சத்தங்கள் திரும்பி வந்தன.

சமையலறை நிலையில் பவித்ரா நின்றிருந்தாள். கையில் எண்ணெய் வடிகிற கரண்டி.

"அம்மாவுக்கு இடது காது கேக்காதா?" என்றாள்.

வேலுசாமி முந்திக்கொண்டார். "அது சின்ன வயசுல சீழ் வெச்சுக் கெட்டுப்போச்சு சாமி. அவிங்க ஊட்டுல வைத்தியம் பாக்காம உட்டுட்டாங்க. அந்தக் காலத்து ஆளுங்க."

சீழ் வைத்தது உண்மைதான். அடி விழுந்த பிறகு வைத்தது. பொய்யை அவர் முழுப் பொய்யாகச் சொல்வதே இல்லை. அடி விழுந்த அன்று மே மாதச் சுற்றுலாக் கூட்டம். இது சுத்தமான காப்பித்தூள்தானா என்று கடையில் ஒரு அம்மா கேட்டாள். சிக்கரி கலந்ததுங்க, கலக்காதது வேணும்னா தனியா அரைச்சுத் தர்றோம் என்று மல்லிகா சொன்னாள். ஆள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அன்று சாயங்காலம் கடையைச் சாத்திய கையோடு விழுந்தது. ஒரு அடிதான். அவர் சொல்வது போல ஒரே ஒரு அடி. அதற்குப் பிறகு அவர் கை ஓங்கியதே இல்லை. ஓங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த அடிக்குப் பிறகு கடையில் யாரோடும் அவள் தேவைக்கு மேல் பேசியதில்லை.

"சின்ன வயசுன்னா எந்த வயசும்மா?" என்று கேட்டாள் பவித்ரா.

மல்லிகா மகளைப் பார்த்தாள். கன்னத்துத் தடம் மங்கி மஞ்சளாகியிருந்தது. இடது கன்னம். காதுக்கு மிக அருகில்.

"நீ தொட்டில்ல இருந்த கண்ணு."

லோகநாதன் மடியிலிருந்த செல்லைக் குனிந்து பார்த்தான், அதில் இன்னும் ஏதோ சரிசெய்ய வேண்டியது இருப்பதுபோல. பவித்ரா கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தாள். எண்ணெய் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அப்பாவைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையில் ஜீப்பின் முன் சீட்டில் மடியில் உட்கார வைத்து ஏரியைச் சுற்றிக் காட்டிய அப்பா. அந்தப் பார்வை வேலுசாமிமேல் நெடுநேரம் நின்றது. மல்லிகா நிற்க விட்டாள்.

வேலுசாமி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். "பழசு எதுக்கு இப்ப? அன்னிக்கு ஒண்ணு ஆச்சு. அதுக்காக இவ ஓடிட்டாளா? இருந்தா. இன்னிக்கு என்ன கொறஞ்சு போச்சு? கடை இருக்குது, ஊடு இருக்குது." சன்னல் வழியாக வெளியே பார்த்தார். கடைவீதி முனையில் நின்ற வண்டிகள் பாதிதான் தெரிந்தன. "பனி எறங்குது. இதுக்கு மேல மாப்ள வளைவுல வண்டி ஓட்ட முடியாது. பவி, பைய எடு."

பவித்ரா அசையவில்லை. "அம்மா சொல்லட்டும்," என்றாள். இந்த முறை அவள் குரல் வேறாக இருந்தது.

"அத்தைங்க," என்று லோகநாதன் தலை நிமிராமல் சொன்னான். "இனி அப்படி நடக்காதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க."

அதையும் அவள் முன்பே கேட்டிருக்கிறாள். ஒற்றடம் கொடுத்த காலையில். அந்தச் சொல் காப்பாற்றப்பட்டது. அதனால் என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

மேசையிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்தாள். இரண்டு மொட்டுகளையும் அதனதன் குழியில் வைத்தாள். மூடி தானாகவே இழுத்துக்கொண்டு மூடியது. அதை லோகநாதன் பக்கம் நகர்த்தினாள். தன் செல்லை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். புல்லாங்குழல் அதற்குள் எங்கேயோ இருந்தது. இருக்கட்டும். எந்த எழுத்தைத் தொட்டால் அது வரும் என்பதைப் பார்த்து வைத்திருந்தாள். அதற்கு இவன் வேண்டியதில்லை.

வேலுசாமி அவளருகே வந்து நின்றார். இடப் பக்கம். அந்தப் பக்கம் நின்று பேசினால் அவள் உடனே கழுத்தைத் திருப்பி அவர் வாயைப் பார்ப்பாள். வருடக்கணக்காக அப்படித்தான்.

"சொல்லு மல்லிகா. கெளம்பு கண்ணுன்னு சொல்லு."

அவள் திரும்பவில்லை. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பனி வந்து ஒட்டத் தொடங்கியிருந்தது.

"உன்னத்தான்," என்றார் அவர், குரலைத் தூக்கி. "நான் சொல்றது கேக்குதா, இல்லையா?"

"கேக்குதுங்க," என்றாள் மல்லிகா. "நான் சொல்ல மாட்டேன்."