அடுப்பில் பால்

உலகத்தில் இதுவரை பிறந்த பாட்டிகளிலேயே ஆகச் சிறந்த பாட்டி, தன் தொண்ணூற்றொரு வருட வாழ்க்கையில் உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு ஆள் மேல்தான். அந்த ஆள் குசும்பன். இந்த உண்மையைக் குசும்பனே நான்கு பக்கத்துக்கு எழுதி, நினைவுக் கூட்டத்தில் வாசிப்பதற்காகச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தான்.

எழுத்து அவனுக்குப் புதிதல்ல. கல்லூரிச் சுவரிதழில் முதல்வரிலிருந்து கேண்டீன்காரர் வரை ஒருவரையும் விட்டுவைக்காதவன். போன வருடம் ‘இரங்கல் உரை தயாரிப்பது எப்படி?’ என்று ஒரு கட்டுரை போட்டான். செத்தவர் வீட்டில் ஒவ்வொருவராகத் தனியே ஓரங்கட்டி, “உங்க மேலதான் அவருக்கு உயிர்” என்று காதில் ஓதுகிறவர்களைப் போலிமருந்து விற்பவர்களோடு சேர்த்து உள்ளே தள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

கூடத்தில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. முன்வரிசையில் அம்மா, மாமா, மாமா பெண். அவர்கள் பக்கத்தில் பாட்டியோடு வேலை பார்த்த ஆபரேட்டரம்மா, காதுக் கருவியைத் திருகிக்கொண்டு. சித்திக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்ததால் வெளியூரிலிருந்து வர முடியவில்லை.

குசும்பன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு வாசித்தான். பதினெட்டு வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த பாட்டி, முப்பத்தெட்டு வருடம் ஒரு காதில் ஹெட்போனோடு ஊரையும் ஊரையும் இணைத்தாள். அந்தப் பக்கத்துத் தலைமுடி கடைசிவரை படிந்தேதான் கிடந்தது. தாத்தா சீக்கிரமே போய்விட, ஷிஃப்டுக்கும் ஷிஃப்டுக்கும் நடுவில் மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாள். ஐம்பத்தொன்பதில் சைக்கிள் பழகி வாய்க்காலில் விழுந்தாள். வீட்டுக்கு வந்து வாய்க்காலைத் திட்டினாள். எண்பத்தெட்டில் புதுப் பல்செட்டைப் பல் டாக்டர் மேஜையிலேயே திருப்பி வைத்தாள். “நான் சிரிக்கறதுக்கு முன்னாடி இது சிரிக்குது.”

கூடம் சிரித்தது. அவன் நான்காம் பக்கத்துக்கு வந்தான்.

“இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு. மூணு வருஷமா, ஞாயித்துக்கிழமை தவறாம, சாயங்காலம் நாலு பத்துக்குப் பாட்டி எனக்கு போன் பண்ணுவாங்க. ‘உனக்கு மட்டும்தான்டா கூப்பிடறேன். உங்க அம்மாகிட்டகூட மூச்சு விடாத, பொறாமைப்படுவா’ன்னு சொல்லுவாங்க. கரெக்டா பத்து நிமிஷம். அப்புறம் ‘அடுப்புல பால் வெச்சிருக்கேன்’னு வெச்சிடுவாங்க...”

“என்னது, பாலா?” மாமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “டேய், எனக்கு நாலு மணி. நாலு பத்துக்குப் பால்!”

“எனக்கு மூணரைப்பா,” என்றாள் மாமா பெண். “மூணு நாப்பதுக்குப் பால்.”

குசும்பன் அம்மாவைப் பார்த்தான். அம்மா புடவைத் தலைப்பைப் பார்த்தாள்.

“மூணு மணி,” என்றாள் மெதுவாக. “உன்கிட்ட சொல்ல வேணாம்னாங்க. நீ பொறாமைப்படுவியாம்.”

ஆபரேட்டரம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “எக்ஸ்சேஞ்ச் போர்டுல எங்களுக்கு அதுதான் பாடம், தம்பி. லைனுக்குக் காத்திருக்கறவங்க அத்தனை பேருக்கும் ‘அடுத்தது உங்க கால்தான்’னு சொல்லணும். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவா போறாங்க? உங்க பாட்டி சொன்னா மட்டும் எவனும் சண்டைக்கு வர மாட்டான்.”

“அப்படின்னா நீ பாட்டிகிட்ட மட்டும் சொன்ன கணக்கு அரியர்கூட நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே. “எனக்கு அப்பவே தெரியும்டா.”

குசும்பன் மீதிப் பக்கத்தை வாசிக்கவில்லை. அரியரைவிட வேறொன்று உறுத்தியது. மூன்று வருடம் கிரிக்கெட்டைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கிறான். ஒருத்தி காதலிக்க முடியாது என்று சொன்னதை அந்தப் பத்து நிமிடத்தில்தான் சொல்லி அழுதிருக்கிறான். அப்போதும் நாலு இருபதுக்குப் பால் பொங்கிவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் அம்மாவிடம் வெடித்தான். “ஒரே சீட்டைப் பத்துப் பேருக்கு எழுதிக் குடுத்த ஆளும்மா உங்க அம்மா! மோசடி!”

“நீ உக்காந்துதானே வந்த?” என்றாள் அம்மா.

பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்தான். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு ஹாஸ்டல் அறையில் அவன் கட்டிலில் படுத்து, போனைப் பார்க்காமல் இருப்பதில் தீவிரமாக இருந்தான். நாலு பத்து வந்தது, போனது. நாலு இருபதுக்கு மணி அடித்தது. சித்தி.

“ஒண்ணுமில்லடா, சும்மாதான்,” என்றாள். குரல் கம்மியிருந்தது. “இந்த நேரத்துக்குக் கை போனுக்கே போகுது. ஒண்ணு சொல்லட்டுமா? வெளிய விட்டுடாத. ஞாயித்துக்கிழமை நாலு இருபதுக்கு அம்மா எனக்கு மட்டும் கூப்பிடுவா. மத்தவங்களுக்கெல்லாம் நான் உருப்படாத கடைக்குட்டி. அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு...”

அப்படியானால் அந்தப் பால், சித்தி. ‘வரிசையில வாங்க சித்தி’ என்று ஒரு வரி நாக்கு நுனிக்கு வந்தே விட்டது. சுவரிதழாக இருந்தால் அதுதான் தலைப்பு.

“கேக்குதாடா?”

“கேக்குது சித்தி.” எழுந்து உட்கார்ந்தான். “எனக்குத் தெரியும். பாட்டியே சொல்லியிருக்காங்க. உங்க மேலதான் அவங்களுக்கு உயிர்.”

“நெஜமாவா?”

“கூட்டத்துல சொன்னா மாமா பொறாமைப்படுவாரேன்னு விட்டுட்டேன்.”

அந்தப் பக்கம் சித்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மாவுக்கட்டுக்குள் அரிப்பதைப் பற்றிப் பேசினாள், பக்கத்து வீட்டுக்காரி பற்றிப் பேசினாள், ஒரு தடவை சிரித்தாள்கூட.

“அடுத்த வாரம் நானே கூப்பிடறேன் சித்தி,” என்றான். “உங்களுக்கு மட்டும்தான். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

மணி நாலு முப்பது.

“சரி, வைக்கட்டுமா? கெட்டில்ல தண்ணி கொதிக்குது.”

கெட்டிலை வார்டன் பறிமுதல் செய்து இருபது நாளாகிறது.