காலித் தட்டின் எடை

காலித் தட்டின் எடை நானூற்றுப் பன்னிரண்டு கிராம். எங்களுடைய எல்லாத் தட்டுகளும் ஒரே அச்சில் வார்த்தவை. அரை கிராம்கூட வித்தியாசம் வராது.

அக்கா சமைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தாள். முன்பு ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் கன்ட்ரோல் போர்டு வடிவமைத்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டு மூன்று வருடம் இதிலேயே கிடந்தாள். இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி. மேலே அரிசி, பருப்பு, நறுக்கிய காய், எண்ணெய், உப்பு என்று ஒன்பது டப்பாக்கள். நடுவில் வேகிற தொட்டி. அடியில் ஒரு டிராயர். காலையில் டப்பாக்களை நிரப்பி, தட்டை டிராயரில் வைத்துத் தள்ளிவிட்டால் மதியம் சாப்பாட்டோடு வெளியே வரும்.

இதுவரை யாருக்கும் வரக்கூடிய யோசனைதான். அக்காவின் யோசனை இதற்கு அப்புறம் வருவது. சாப்பிட்ட தட்டைத் திரும்ப அதே டிராயரில் வைக்க வேண்டும். பெட்டி அதை எடைபோடும். மிச்சம் இருந்தால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் உப்பையோ காயையோ மாற்றிப் பார்க்கும். தட்டு காலி என்றால் பிடித்திருக்கிறது, போதவில்லை. அதே சமையல், பத்து கிராம் கூடுதலாக. எடை பார்த்த பிறகு சுடுநீர் அடித்துத் தட்டை அதுவே கழுவிக்கொள்ளும்.

“நல்லாருக்கான்னு கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. தட்டு பொய் சொல்லாது,” என்பாள்.

விற்கிற பொறுப்பு மாமாவுக்கு. அக்காவின் கணவர், பதினைந்து வருடம் மெத்தை விற்றவர். “ஊரையே படுக்க வச்சாச்சு மச்சான், இனிமே எழுப்பிச் சாப்பிட வைக்கணும்,” என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பார். பெட்டிக்கு ‘அமுது’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். அக்கா பெட்டி என்றே சொன்னாள்.

என் வேலை சாப்பிடுவது. எட்டு மாதம் பட்டறையில் உட்கார்ந்து பெட்டி சமைத்ததையெல்லாம் தின்றேன். பிறகு ஆறு வீடுகளில் ஆறு பெட்டிகளை வைத்தோம். வாரம் ஒருமுறை போய் எடைக் கணக்கை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு வருவேன்.

நாற்பது நாளில் கிடைத்த முடிவைப் பார்த்து மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஆறு வீட்டிலும் எல்லா நாளும் தட்டு காலி.

“ஒரு வீட்ல கூடவா மிச்சம் வைக்கல?” என்றாள் அக்கா.

“உனக்கு சந்தோஷப்படவே தெரியாதா?” மாமா அன்றே போஸ்டர் அடிக்கக் கொடுத்துவிட்டார். வெள்ளைத் தட்டு, கீழே ‘ஒரு பருக்கை மிஞ்சாது.’

அந்தப் போஸ்டரையும் கணக்கையும் பார்த்துவிட்டுத்தான் நாற்பது கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி வருவதாகச் சொன்னார். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார் என்பதால் மாமா அவருக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தார். வியாழக்கிழமை மதியம் நாலாம் நம்பர் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வார். சரி என்றால் நாற்பது கடையிலும் பெட்டி நிற்கும். இல்லையென்றால் அக்கா பழைய கம்பெனிக்கே திரும்ப வேண்டும். மாத முடிவுவரை அவளுக்காக நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகப் பழைய மேலாளர் சொல்லியிருந்தார். அவர் அதை அன்பாகச் சொன்னது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்தப் பெட்டி வேலைக்கு நான் வருமுன் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். கேமரா திரைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். முடியவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் எதுவுமே நடக்காத படத்தை மணிக்கணக்கில் பார்த்தவனுக்கு ஒன்று பழகிவிடுகிறது. அசைய வேண்டியது அசையாமல் இருந்தால் கண்ணை உறுத்தும்.

நாலாம் வீட்டின் கணக்கு அப்படி உறுத்தியது. நாற்பது நாளும் 412.0. மற்ற வீடுகளில் 412.3, 412.6 என்று வந்தது. இங்கே புள்ளிக்குப் பின்னால் சுழியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் யாரும் இல்லாத நேரம் ஒரு தட்டுச் சாப்பாட்டைத் தின்று தீர்த்து, தட்டைச் சின்ன மின்தராசில் எடைபோட்டேன். 419. விரலால் வழித்தேன். 416. ரொட்டித் துண்டால் துடைத்துத் தின்றேன். 413.4. வேறு வழியில்லாமல் நாக்கால் நக்கினேன். 412.9. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது தட்டு. கடைசியில் குழாயில் கழுவி, துணியால் துடைத்து வைத்தேன்.

412.0.

துடைக்காமல் ஈரத்தோடு வைத்தால் 412.5.

நாலாம் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கிறார். அந்தக் கட்டடத்து லிஃப்டை அவர் நம்புவதில்லை, படியில்தான் ஏறுவார். அன்று மதியம் நான் போனபோது சாப்பாடு வெளியே வந்திருந்தது. ஒரு ஆளுக்கான தட்டில் எழுநூற்றைம்பது கிராம் குவிந்து கிடந்தது.

“இவ்வளவையும் சாப்பிடுறீங்களா சார்?”

“நான் என்ன யானையா? தம்பி, அந்த ஃபிரிட்ஜத் திற.”

திறந்தேன். அடுக்கடுக்காக டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு, உதிரி பாகங்களுக்கு ஒட்டுவதுபோல.

“மூணாவது மாடிக்கு ரெண்டு போகுது. வாட்ச்மேனுக்கு ஒண்ணு. அப்பவும் தீரல. நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போகுது. உங்க மெஷினுக்கு என் மேல என்ன கோபம்?”

“அப்புறம் தட்டு எப்படிக் காலியா உள்ள போகுது?”

“கழுவித்தான் வைக்கிறேன்.”

“கழுவ வேண்டாம்னு பேப்பர்ல போட்டிருக்கோமே சார். அப்படியே வச்சா அதுவே—”

“படிச்சேன்.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சோறு வர்ற இடத்துல எச்சில் தட்ட எப்படி வைக்கிறது? நீ வைப்பியா?”

நான் வைப்பேன். எட்டு மாதமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. தின்ற தட்டைக் கழுவ வேண்டும் என்றே தோன்றாத ஒருவனை வைத்து இந்தப் பெட்டியைப் பழக்கியிருந்தோம்.

திரும்பும் வழியில் மற்ற ஐந்து வீடுகளுக்கும் போன் செய்தேன். ஐவரும் கழுவித்தான் வைத்தார்கள். ஒரு அம்மா சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியிருந்தார். “மெஷின் நம்மளப் பத்தி என்ன நினைக்கும்?” என்று கேட்டார்.

பட்டறையில் அக்காவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் டிராயரை இழுத்துப் பார்த்தாள். நான் கரண்டியில் ருசி பார்த்துவிட்டுப் பாத்திரத்தில் திரும்பப் போட்டதற்காக, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை அடித்தவள் இவள்.

“எச்சில்,” என்றாள். “எனக்கு ஏன்டா தோணல?”

“நீ மெஷினா யோசிச்ச.”

“உன்ன வச்சு டெஸ்ட் பண்ணேன் பாரு, அது என் புத்தி.”

மாமா உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். “இது வியாழக்கிழமை வரைக்கும் இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. தராசு கையெழுத்துப் போடட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்.”

“எத சரி பண்றது? நாற்பது நாள் கணக்குல ஒரு நாள்கூட உண்மையில்லைங்க.”

“சாப்பாடு உண்மைதானே? மெத்தையில எவன் எட்டு மணி நேரம் தூங்கினான்னு பாத்தா நான் வித்தேன்?”

அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பினாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை தராசு சரியான நேரத்துக்கு வந்தார். எதிர்பார்த்ததைவிட ஒல்லி. அன்று லிஃப்ட் ஓடவில்லை, ஐந்து மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, திருப்தியாகத் தலையாட்டினார். டிராயர் திறந்தது. சோறு, பருப்புக் குழம்பு, கேரட்டும் உருளையும் வதக்கியது, ஒரு முட்டை. கிட்டத்தட்ட முக்கால் கிலோ.

“இது ஒருத்தருக்கா?”

“இந்த வீட்ல நல்லாப் போகுது சார்,” என்றார் மாமா. மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தராசு பொறுமையாகச் சாப்பிட்டார். பாதிக்குமேல் அவரால் முடியவில்லை. கேரட்டை ஓரமாக ஒதுக்கினார். எழுந்தார். மாமா தட்டுக்குக் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனார். மிச்சத்தைக் குப்பைக் கூடையில் தட்டினார். குழாயைத் திறந்து தட்டைக் கழுவினார், கொடியில் கிடந்த துணியால் துடைத்தார். திரும்பி வந்து டிராயரில் வைத்துத் தள்ளினார். வாஷிங் மெஷினையும் அடுப்பையும் இருபது வருடமாக வாங்கி விற்பவர், வழிமுறைத் தாளைக் கேட்டு வாங்கி இரண்டு முறை படித்தவர்.

பெட்டியின் சின்னத் திரையில் 412.0 என்று வந்தது. அதன்கீழே: நாளை பத்து கிராம் கூடும்.

மாமாவின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா சார்—”

“நீங்க பாதி சாப்பாட்டக் கொட்டிட்டீங்க,” என்றாள் அக்கா.

தராசு நிமிர்ந்து பார்த்தார்.

“ஆனா பெட்டிக்கு நீங்க முழுசா சாப்பிட்டதாக் கணக்கு. ஆறு வீட்லயும் இதேதான் சார். எல்லாரும் கழுவித்தான் வைக்கிறாங்க. போஸ்டர்ல போட்டிருக்கறது சாப்பிட்ட தட்டு இல்ல, கழுவின தட்டு. செவ்வாய்க்கிழமைதான் எங்களுக்கே தெரிஞ்சுது.”

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

தராசு திரையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். தன் ஈரக் கையைப் பார்த்தார். “நான் ஏன் கழுவினேன்?” என்று கேட்டார். எங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார். “நாற்பது நாள் சாப்பிட்டீங்களே, எப்படி இருந்துச்சு?”

“உப்பு இல்ல. முதல் நாள்லேருந்தே இல்ல.”

“ஏன் சொல்லல?”

“யாரு கேட்டா? கேக்க மாட்டோம், மெஷினே தெரிஞ்சுக்கும்னு பேப்பர்லயே போட்டிருக்காங்க.”

தராசு பையை எடுத்துக்கொண்டார். “இப்ப ஆர்டர் கிடையாது மேடம். அந்த போஸ்டர் ஒரு கடை வாசல்ல ஒட்டியிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்.” வாசலில் நின்று யோசித்தார். “உண்மையான மிச்சம் வந்தா அந்தக் கணக்கக் கொண்டு வாங்க. பாக்கறேன்.” படியிறங்கும் சத்தம் நாலு மாடிக்குக் கேட்டது.

“பாக்கறேன்னாரு. வாங்கறேன்னு சொல்லல,” என்றார் மாமா. அக்காவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. என் பையைக் குடைந்து, நான் பட்டறையில் தட்டு எடைபோட்ட சின்ன மின்தராசை எடுத்தாள். அதைத் தொட்டிக்குப் பக்கத்தில், குழாய்க்கும் குப்பைக் கூடைக்கும் நடுவில் வைத்தாள்.

“சார், இங்க எச்சில் தட்ட வைப்பீங்களா?”

“தொட்டிக்குப் பக்கத்துலயா? அங்க வைக்கறதுக்கு என்ன? வேற எங்க வைப்பாங்க?”

மாமா கை ரேகை பார்ப்பவர்போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு வருஷம்,” என்றார். “அந்தத் தராச ரெண்டடி தள்ளி வைக்கறதுக்கு.”

அக்கா பெட்டியில் இன்னொரு தட்டைத் தள்ளினாள். சாப்பாடு வேகும்வரை யாரும் கிளம்பவில்லை. வந்ததும் மெக்கானிக் சாப்பிட்டார், தன் உப்பு டப்பாவைத் தொடாமல். முடிந்தவரை சாப்பிட்டுவிட்டுத் தட்டை அந்த மின்தராசின்மேல் வைத்தார்.

813.

அக்கா அந்த எண்ணைப் படித்தாள். பிறகு குனிந்து, மிச்சத்தை ஒரு கரண்டியால் கிளறிப் பார்த்தாள். சோறும் குழம்பும் பாதி. முட்டை இல்லை. கேரட் மொத்தமும் அப்படியே இருந்தது.

“கேரட்டு பிடிக்காதா சார்?”

“இந்த ஜென்மத்துல பிடிக்காது.”

“எழுதுடா,” என்றாள் என்னிடம். பழைய மேலாளர் சொன்ன மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது.